கூட வந்தவர்

கோட்டு சலவைக் கடையில் இருக்கிறது என்பது ஹெரானுக்கு நினைவு வந்தது, படுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான். ஆனால் கதவுக்கு அருகே கொக்கியில் அது வழக்கம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. உயரமாக, சாம்பல் நிறமாக, தோள் சரிந்து, மேல்பகுதி கொஞ்சம் முன்னால் தள்ளியபடி. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குத் தன் கைவிரல்களே மங்கல். அறையின் அந்தக் கோடியில் இருப்பதெல்லாம் தண்ணீரில் கரைந்த மை. பனிக்காலம் முழுக்கத் தூங்குவதற்கு முன் அவள் கடைசியாகப் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

கண்ணாடியை எடுத்து மாட்டினாள். வெறும் கொக்கி. கழற்றினாள். நின்றது.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வயதுப் பெண், சொந்தச் சம்பாத்தியத்தில் தென்கொரியத் தலைநகர் சியோலில் குடியிருப்பவள், ஒரு கொக்கியைப் பார்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று யாரிடம் சொல்வது? அம்மா இருந்தால் சொந்த ஊர் மொக்போவுக்குப் போன் போட்டிருக்கலாம். அம்மா போன பிறகு இது இரண்டாவது குளிர்காலம். தம்பி கனடாவில் இருக்கிறான். புத்தாண்டுக்குக் குழந்தைகள் படம் அனுப்புவான். ஹெரான் கதவுக்கு முதுகைக் காட்டி, அடியில் வெந்நீர்க் குழாய் ஓடிச் சூடேறிய தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு யோசித்தாள். கோடையில் கோட்டு அங்கே தொங்காது. கோடையிலும் அது இருந்தது. அப்போது அதைத் திரைச்சீலை என்று நினைத்திருந்தாள். முன்பு இருந்த அறையில் அது ஃப்ரிட்ஜின் நிழல். கல்லூரி விடுதியில் யாரோ காயப்போட்ட போர்வை. போன இடமெல்லாம் அது வந்திருக்கிறது, அவளும் போன இடமெல்லாம் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறாள்.

அதற்கும் முன்னால் மொக்போவில் பொதுக் குளியல்கூடம். ஏழெட்டு வயது இருக்கும். ஆவியில் கண்ணாடி மங்கும் என்று அம்மா வாசலிலேயே அதைக் கழற்றி வைத்துவிடுவாள். முதுகு தேய்த்துவிடும்போது, தூணுக்குப் பக்கத்தில் துணியோடு நிற்கிற அந்த அத்தை யார் என்று ஹெரான் கேட்டாள். யாருமே துணி போட்டுக்கொண்டு வராத இடம் அது. அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். அம்மாவுக்கு நல்ல கண். சோப்பு நுரைகூடப் போகாமல் மகளை வெளியே இழுத்து வந்து, தலையைத் துவட்டுவதற்கு முன்னால் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அதன்பிறகு அவர்கள் அந்தக் குளியல்கூடத்துக்குப் போகவில்லை.

காலையில் வெயில் வந்ததும் ஹெரான் ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாம் இந்த மங்கலால் வருவது. கண் சரியில்லாதவளுக்கு மூளை தானாக எதையாவது இட்டு நிரப்பிக்கொள்கிறது. மங்கல் போனால் அதுவும் போய்விடும். இனி ஒரு நாளும் அதைப் பார்க்கக் கூடாது, அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

முகப்பூச்சு டப்பாக்களில் அச்சாகும் பொடி எழுத்தைப் பிழை பார்ப்பது அவள் வேலை. பக்கத்து மேசை சேபியோல் அவளைவிடப் பத்து வயது சின்னவள், கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்த கையோடு கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டு கண்ணாடியை ஒழித்தவள். ஹெரானும் லேசர் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று கேட்டதும் தன் கண்ணே திறந்ததுபோலச் சந்தோஷப்பட்டாள்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே அக்கா. இந்த ஊர்ல இன்னும் சோடாபுட்டி போட்டுட்டுத் திரியறது நீங்களும் கண் டாக்டருங்களும்தான்."

அது உண்மைதான். கங்னம் சாலையில் அவள் போன கண் ஆஸ்பத்திரி இருந்த கட்டடத்தில் மாடிக்கு மாடி கண்ணும் மூக்கும் தாடையும் திருத்துகிற கடைகள். நர்ஸ்கள், ஆலோசகி, காபி கொண்டுவந்து வைத்த பெண், ஒருத்தர் முகத்திலும் கண்ணாடி இல்லை. எல்லாரும் அங்கேயே செய்துகொண்டவர்களாம், தள்ளுபடியில். டாக்டர் தாக் மட்டும் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். ஊரெல்லாம் கண்ணாடியைக் கழற்றி எறிய வைப்பவர், தன்னுடையதைக் காதுக்குப் பின்னால் ஒரு கயிறு போட்டுக் கட்டி வேறு வைத்திருந்தார்.

பரிசோதனை எல்லாம் முடிந்ததும் அவர் பிளாஸ்டிக் கண்விழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். லாசிக் என்றால் கருவிழி மேல் மூடிபோல வெட்டித் திறந்து, உள்ளே லேசர் வைத்து, திரும்ப மூடுவது. அவளுக்குக் கருவிழி மெலிசு, அது வேண்டாம். ஸ்மைல் என்றால் சின்னக் கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு சில்லை உருவி எடுப்பது. மறுநாளே வேலைக்குப் போகலாம், ஆனால் அவள் கருவிழியில் அதன்பிறகு மிச்சம் அதிகம் இருக்காது. லாசெக் என்றால் மேல்தோலை வழித்துவிட்டு லேசர் வைப்பது. தோல் திரும்ப வளர வேண்டும். அதுவரை வலிக்கும், கண்ணைத் திறக்க முடியாது. பார்வையும் ஒரேயடியாக வராது, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் தெளியும்.

எது நல்லது என்று ஹெரான் கேட்டாள்.

"நாலாவதா ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர். "இப்படியே கண்ணாடியோட இருந்துடறது."

ஆலோசகி சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. நீங்கள் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஹெரான் கேட்டதற்கு அவர் பிளாஸ்டிக் விழியை அதன் குழியில் திரும்ப வைத்தார்.

"எனக்கு நடுவுல ஒரு கண்ணாடி இருக்கறது புடிச்சிருக்கு," என்றார்.

தனியாக இருப்பவளுக்கு ஸ்மைல்தான் லாயக்கு. யாரும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. ஆனால் கண் போனால் வேலை போகும், வேலை போனால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது? அந்தப் பயத்தில் லாசெக் என்று சொன்னாள். உடனே ஆலோசகி, அன்றைக்குக் கூட யார் வருவார்கள் என்று கேட்டாள். வீட்டுக்கு அழைத்துப் போக, சொட்டு மருந்து விட, சாப்பாடு கொடுக்க ஆள் வேண்டும். பாதுகாவலர் இல்லாமல் லாசெக் செய்வதில்லை என்பது அவர்கள் வழக்கம்.

"வருவாங்க," என்றாள் ஹெரான்.

"யாரு மேடம்? அம்மாவா, வீட்டுக்காரரா?"

அந்த இரண்டு வார்த்தையும் அவளை உறுத்தின. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"எப்பவும் என்கூடவே இருக்கறவங்க."

அறுவை நடந்தது கொஞ்ச நேரம்தான். பச்சை வெளிச்சம், தோல் வழிக்கும் தூரிகையின் உரசல், முடி கருகுகிற வாசனை. முடிந்ததும் கண் மேல் ஒட்டு லென்ஸ் வைத்து, அதற்கு மேல் கறுப்புத் தடுப்புக் கண்ணாடியை மாட்டி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். யாருக்கும் தெரியாமல் எப்படிக் கீழே நழுவி டாக்ஸி பிடிப்பது என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். வீங்கிய கண்ணில் இனி எதுவும் உரசக் கூடாது என்று தடுப்பைக் கழற்றி, ஈரப் பஞ்சை இமை மேல் ஒட்டினாள்.

"உங்ககூட வந்தவங்க வெளிய உக்காந்திருக்காங்க மேடம். போலாமா?"

தவறுதலாக வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தாள் ஹெரான். மறுத்துப் பேசினால் பொய் வெளியே வரும். எழுந்தாள்.

"அவங்களுக்கும் பார்வை ரொம்ப மோசம் போல," என்றாள் நர்ஸ் நடந்துகொண்டே, குரலைத் தாழ்த்தி. "சோஃபாவைத் தடவித் தடவித்தான் உக்காந்தாங்க. என் மூஞ்சிகிட்ட வந்து, கண்ணை இடுக்கிப் பாக்கறாங்க, பாவம். அடுத்த தடவை அவங்களையும் செக்அப் பண்ணிடுங்க. ஒரே குடும்பம்னா தள்ளுபடி இருக்கு."

யாரோ அவள் முழங்கையைப் பிடித்தார்கள். காய்ந்த, எடையே இல்லாத கை. நர்ஸ்தான் என்று ஹெரான் நினைத்துக்கொண்டாள். லிஃப்டில் நர்ஸ் வரவில்லை, அவள் விடைகொடுத்த குரல் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. கை விடவில்லை. டாக்ஸியில் அவள் ஏறிக் கதவைச் சாத்தியதும் மறுபக்கக் கதவு திறந்தது. மூடியது. ஓட்டுநர், ரெண்டு பேரும் பெல்ட் போட்டுக்குங்க என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மருந்தின் மயக்கத்தில் எல்லாவற்றையும் அவள் ஒதுக்கித் தள்ளினாள். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஆள் எப்போது போனார் என்று தெரியவில்லை. கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டதாக ஞாபகம் இல்லை.

பிறகு வலி வந்தது. இமைக்கு உள்ளே மணலை அள்ளிப் போட்டதுபோல. பட்டப்பகலில் திரையெல்லாம் இழுத்துவிட்டு, பஞ்சு ஒட்டிய கண்ணோடு தரையில் சுருண்டு கிடந்தாள். மாடிவீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றியது, தெருவில் மக்காச்சோள வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனான், குழாய்களில் வெந்நீர் முனகியது. ஊரே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. சேபியோல் போன் செய்து, யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தாள். இருக்கிறார்கள் என்றாள் ஹெரான். போனை வைத்ததும் அழுகை வந்தது. உப்புக் கண்ணீர் பட்டு இன்னும் எரிந்தது.

மருந்து நேரத்துக்குப் போனில் மணி அடிக்கும். பஞ்சை விலக்கி, மல்லாந்து, இமையை விரித்து விட வேண்டும். இமை திறக்கவே மாட்டேன் என்றது. முதல் இரண்டு தடவை சொட்டெல்லாம் கன்னத்தில் வழிந்தது. மூன்றாவது தடவை சுலபமாக இருந்தது. இமை மெதுவாக விரிந்தது, சொட்டு நேராக உள்ளே விழுந்தது, குளிர்ச்சி பரவியது. அப்பாடா என்று மூச்சை விட்டாள்.

விட்ட பிறகு யோசித்தாள்.

வலது கையில் மருந்துப் புட்டி. இடது கை போர்வையைப் பிடித்திருக்கிறது. இறுக்கி. வலி தாங்காமல்.

இமையை விரித்துப் பிடித்திருந்தது எது?

அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை. கன்னத்துக்கு மேலே, மிக அருகில், ஈரக் கம்பளியின் வாசனை. சலவைக் கடைக்குப் போய்வந்த கோட்டில் அது வராது. எங்கோ வெகுகாலம் நனைந்து கிடந்த துணியின் வாசனை.

கத்தியிருக்க வேண்டும். கதவு எங்கே என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஆனால் உண்மை என்னவென்றால், அம்மாவைக் குளிப்பாட்டிச் சவப்பெட்டியில் வைத்த பிறகு ஹெரானை யாரும் தொட்டதில்லை. தலைமுடி வெட்டுகிறவளையும் ஆஸ்பத்திரிக்காரர்களையும் தவிர யாரும். அந்தக் காய்ந்த விரல் அடுத்த இமைக்குப் போனபோது அவள் தடுக்கவில்லை.

"நன்றி," என்றாள் இருட்டைப் பார்த்து.

கடையில் சொல்லி வாசலுக்கு வரவழைத்த கஞ்சி மூடி திறந்து தலைமாட்டில் இருந்தது. கரண்டியும் இருந்தது. அவள் சாப்பிட்டாள்.

ஒட்டு லென்ஸை எடுத்த அன்று அவளுக்கு எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. அந்தப் பனியில், ஆஸ்பத்திரிச் சோஃபாவில், சாம்பல் நிறமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மங்கல் குறையக் குறைய அது கரைந்துபோகும் என்று அவள் காத்திருந்தாள். கரையவில்லை. பார்வை நாளுக்கு நாள் தெளிந்தது, அதுவும் கூடவே தெளிந்தது. ஒரு வாரம் தோள் தோளாகத் தெரிந்தது. அடுத்த வாரம் தோளில் விழுந்த முடி, மூட்டுகள் புடைத்த விரல்கள், நனைந்து கனத்த துணியின் ஓரம். மங்கலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருடமும் அதைத் தடுத்து வைத்திருந்தது கண்ணாடி. நடுவில் இருந்த அந்த ஒன்றைத்தான் அவள் காசு கொடுத்து அகற்றிவிட்டிருக்கிறாள்.

வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. போட்டால் அது இல்லை. வெளியே இருக்கும் நேரத்தை அவள் நீட்டித்துக்கொண்டே போனாள். ஒருநாள் வேலை முடிந்து, மேசையிலேயே அடுப்பு வைத்துப் பன்றி இறைச்சி சுடுகிற கடை வாசலில் நின்றாள். அங்கே ஒற்றை ஆளுக்குப் பரிமாற மாட்டார்கள், குறைந்தது இரண்டு பேருக்கு வாங்க வேண்டும். வருடக்கணக்காக அந்த வாசனையை மூக்கால் மட்டும் தின்றுகொண்டு தாண்டிப் போயிருக்கிறாள். உள்ளே போனாள், புகையில் கறுப்புக் கண்ணாடி மங்கியது, கழற்றினாள். பரிமாறுகிற அம்மாள் எதிர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் இரண்டு ஜோடி சாப்பாட்டுக் குச்சிகளையும் இரண்டு கோப்பைகளையும் வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம், நம்பினால் நம்புங்கள், ஹெரானுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கறி சீறியது, கத்தரிக்கோலால் வெட்டி, கீரையில் மடித்து வாயில் போட்டாள். எதிரே யாரோ இருக்கிறார்கள். ஒரு துண்டை எடுத்து அந்தப் பக்கத் தட்டில் வைக்கக்கூடச் செய்தாள்.

அப்போது அது அடுப்புக்கு மேலாக முன்னால் குனிந்தது.

தீக்கு மேலே. கழுத்தை நீட்டி. முகம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை, ஆனால் அது முகத்தைச் சுருக்கி வைத்திருப்பது தெரிந்தது. நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் நடுவில் கூட்டிக் கசக்கியதுபோல. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு. அந்த முகம் அவளுக்குத் தெரியும். கண்ணாடி வாங்கித்தருவதற்கு முன், கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகையைப் பார்க்க அவள் வைத்துக்கொண்ட முகம்.

அது அவளைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. பார்க்க முயன்றுகொண்டு இருந்தது. குளியல்கூடத்துத் தூணுக்குப் பக்கத்தில் நின்ற நாளிலிருந்து. அதற்கும் அவள் ஒரு மங்கல்.

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டாள்.

கடைசிப் பரிசோதனையில் எழுத்துப் பலகையின் கீழ்வரிசைவரை படித்தாள். அருமை, பருந்துக் கண் என்றாள் ஆலோசகி. டாக்டர் தாக் விளக்கை அணைத்தார். நுண்நோக்கியில் குனிவதற்காகத் தன் கண்ணாடியை, கயிற்றோடு, நெற்றிக்கு உயர்த்தினார். உயர்த்தியவர் குனியவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், அவளை ஒட்டினாற்போல, எதையோ பார்த்தார். கண்ணாடியைத் திரும்ப இறக்கிக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேனே," என்றார், வாய்க்குள்ளேயே. "நாலாவது வழின்னு."

"டாக்டர், இப்ப என்ன பண்றது?"

"பழைய கண்ணாடி வெச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

அவள் அறையை அடைந்தபோது மணி நாலுகூட ஆகவில்லை. ஜன்னல் முழுக்க வெயில். செருப்பைக் கழற்றிவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு நேராக மேசைக்குப் போய், இழுப்பறையில் துழாவிப் பழைய கண்ணாடியை எடுத்தாள். ஒன்றைக் கழற்றினால்தான் இன்னொன்றைப் போட முடியும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருக்கலாம். பயத்தில் தோன்றவில்லை.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

எதிரே. ஒரு முழம்கூட இல்லை. ஈரம் சொட்டாத ஈரத் துணி. வகிடு எடுத்த முடி. உதட்டில் வெடிப்பு. கசக்கிய முகம், கோடாகிவிட்ட கண்கள், அவள் முகத்துக்கு நேராக. கழுத்து இன்னும் நீண்டுகொண்டிருந்தது.

பழைய கண்ணாடியை மாட்டினாள். ஒரு காதில் சிக்கியது. மறு காதில் சிக்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டாள்.

அறை கரைந்தது. ஜன்னல் போனது. கதவு, கொக்கி, கொக்கியில் சலவையிலிருந்து வந்த கோட்டு, தன் சொந்தக் கை, எல்லாம் தண்ணீரில் கரைந்த மை.

அது மட்டும் கரையவில்லை.

அந்த மங்கலின் நடுவில் ஒவ்வொரு இமைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விரிந்தது. கன்னம் தளர்ந்தது. இடுக்கியிருந்த இமைகள் மெதுவாக, மிக மெதுவாக, முழுக்கத் திறந்தன. அந்தக் கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து அவளை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்துவிட்டு, நீட்டியிருந்த கழுத்தை அது நேராக்கிக்கொண்டது. இனி எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.